கார் இருந்தும் உள்ளூர் வேலைகளுக்கு டவுன் பஸ்ஸில் போவது சரிப்பட்டு வருமா?

கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: சின்ன ஊர்களில் இதை யாராவது செய்து பார்த்ததுண்டா, நேரம் வீணாகாதா என்று. நான் எட்டு மாதமாகச் செய்கிறேன். நேரம் வீணாகும். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் அல்ல.

எங்கள் வீடு அதியமான்கோட்டையில். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குச் சுமார் 8 கிலோமீட்டர். பேங்க், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, மிக்ஸி ஜாருக்குப் பிளேடு மாற்றுவது, காய்கறி என்று எதற்கெடுத்தாலும் சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆள் நான். போன ஆடியில் கிளட்ச் போய், கார் பத்து நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. வேறு வழியில்லாமல்தான் பஸ் ஏறினேன். சுற்றுச்சூழல், கொள்கை ஒன்றும் கிடையாது.

முதலில் பணக்கணக்கை முடித்துவிடலாம். என் கார் டவுனுக்குள் லிட்டருக்கு 14 கொடுத்தாலே பெரிய விஷயம். போய்வர 16 கிலோமீட்டர், அப்புறம் நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்று. பெட்ரோல் நூறைத் தாண்டியபின் ஒரு நடைக்கு 120 ரூபாய் என்று வையுங்கள். பஸ்ஸில் போகவர இரண்டு டீ காசுதான். அரசு பஸ்ஸில் கடைசியாகக் கட்டணம் ஏற்றியது 2018 ஜனவரியில். அப்போது பெட்ரோல் 75 ரூபாய் பக்கம் இருந்தது. வாரம் மூன்று நடை போகிற எனக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் மிச்சமாகிறது. ஆனால் இன்சூரன்ஸ் கார் ஓடினாலும் நின்றாலும் கட்டியே ஆகவேண்டும். பணத்துக்காக மட்டும் என்றால் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் அனுபவசாலி என் மனைவி. 2021 மே 8-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லையே, அன்றிலிருந்து அவள் போய்வருகிறாள். முதல் நாள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஸ்டாப்பில் நின்றோம். சேலத்திலிருந்து வந்த புறநகர் பஸ் ஒன்று நின்றது. நான் படியில் கால் வைத்துவிட்டேன், அவள் அசையவே இல்லை. "நீங்க வேணா போங்க, நான் ரோஸ் பஸ்ல வரேன்" என்றாள். புறநகர் பஸ்ஸிலும் தனியார் பஸ்ஸிலும் அவளுக்கும் காசு உண்டு. முன்பக்கம் ரோஸ் பெயிண்ட் அடித்த பஸ்ஸில் இல்லை. சரி என்று நான் கிளம்பினேன். டவுனில் இறங்கிச் சட்டைப் பையைத் தடவினால் வாங்க வேண்டிய பட்டியல் அவளிடம். இருபது நிமிடம் டீக்கடையில் நின்றேன். அவள் சாவகாசமாக வந்து இறங்கி, பக்கத்து சீட் அக்கா சொன்னதாக அன்றைய தக்காளி விலையையும் சொன்னாள்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். போகும்போது பிரச்சினையே இல்லை. ரோட்டில் நின்றால் தருமபுரிக்குள் போகிற எது வந்தாலும் ஏறலாம். திரும்பும்போதுதான் வேலை காட்டும். புறநகர் ஸ்டாண்டில் சேலம் பஸ்கள் வரிசையாக நிற்கும், பாதி சீட் காலியாகவும் இருக்கும். "சேலம் மட்டும் ஏறுங்க, ஷார்ட் டிக்கெட் எல்லாம் வண்டி எடுக்கும்போது" என்று கண்டக்டர் படியை மறித்துக்கொள்வார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 8 கிலோமீட்டர் போகிற நான் உட்கார்ந்துவிட்டால் சேலம் போகிறவர் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவார். ஒரு தடவை "நிக்கும், ஏறுங்க" என்று சொன்னதை நம்பி ஏறினேன். பைபாஸிலேயே இறக்கிவிட்டார்கள். மூன்று கிலோ தக்காளியோடும் மிக்ஸி ஜாரோடும் வெயிலில் நடந்து வந்தேன். அதிலிருந்து டவுன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் போய் நிற்கிறேன். அரைமணி காத்தாலும் ஸ்டாப்பில் இறக்குவார்கள். என் கணக்கில் ஒரு நடைக்குக் காரைவிட 50 நிமிடம் கூடுதல், அதில் முக்கால்வாசி இந்தத் திரும்புகிற காத்திருப்புதான்.

அந்த 50 நிமிடம்தான் என்னை ஒழுங்காகத் திட்டம் போட வைத்தது. முன்பெல்லாம் காலையில் பேங்க், மதியம் மாத்திரை, சாயங்காலம் "கொத்தமல்லி மறந்துட்டேன்" என்று ஒரே நாளில் மூன்று நடை போன கதை உண்டு. இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான், நாளுக்கு ஒரே நடை. இதில் ஒரு சிக்கல் உண்டு. காய்கறி கனம், அதனால் கடைசியில் வாங்கத் தோன்றும். ஆனால் உழவர் சந்தை காலையில்தான் களை கட்டும். பேங்க் வேலை முடித்துப் போனால் வாடின கீரையும் அமுங்கின கத்தரிக்காயும்தான். கொஞ்சநாள் அவதிப்பட்டபின் வழி கிடைத்தது. காலையிலேயே போய்க் காய் வாங்கி, வழக்கமாக மாத்திரை வாங்குகிற மெடிக்கலில் பையை வைத்துவிடுகிறேன். வேலையெல்லாம் முடித்துக் கடைசியாக மாத்திரையையும் பையையும் சேர்த்து எடுத்துக்கொள்வேன். கடைக்காரத் தம்பி ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. முருங்கைக்காய் பையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும், "அண்ணா, இது என் பிரிஸ்கிரிப்ஷன்ல இல்லையே" என்பான்.

திங்கட்கிழமை பஸ் தனி ரகம். கலெக்டர் ஆபீஸ் சேலம் ரோட்டில், நாங்கள் போகிற வழியிலேயே இருக்கிறது. திங்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் பாதி பஸ் மனுவோடு இருக்கும். ஒருநாள் பக்கத்தில் ஒரு பெரியவர். மனுவை நாலாக மடித்து, ஜவுளிக்கடை பாலிதீன் கவரில் போட்டு, கவரையும் இரண்டு கையால் பிடித்திருந்தார். "கண்ணு, இதுல சர்வே நம்பர் சரியா எழுதியிருக்கானா பாரு" என்று நீட்டினார். அவர் மடியிலிருந்து எடுத்த பழைய பட்டா நகலோடு ஒப்பிட்டால், 214 என்று இருக்க வேண்டிய இடத்தில் 241. பேனாவால் அடித்துத் திருத்தினேன். பக்கத்தில் ஒரு கையெழுத்தும் போடச் சொன்னேன். கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் அவரோடு பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் இறங்கினார்கள். மீதி தூரம் ஜன்னலோர சீட்டு எனக்கு.

எல்லாவற்றுக்கும் பஸ் என்று நான் சொல்லவில்லை. அரிசி சிப்பம், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, ராத்திரி ஒன்பதுக்கு மேல் போகிற கல்யாண வரவேற்பு, இதற்கெல்லாம் கார்தான். பஸ் பழகியதில் கார் தொடர்ந்து மூன்று வாரம் நின்று பேட்டரி இறங்கிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை வேலையிருக்கோ இல்லையோ நல்லம்பள்ளி வரை ஓட்டிவிட்டு வருகிறேன். மிச்சம் பிடித்த காசில் கொஞ்சம் அதற்கே போகிறது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் புதன் அல்லது வியாழன், பத்து மணிக்கு மேல். அதற்கு முன்னால் பள்ளிக்கூட, காலேஜ் பிள்ளைகள் கூட்டம். படியில்தான் இடம் கிடைக்கும். செவ்வாய் நல்லம்பள்ளி சந்தை, கூடையும் கோழியுமாக ஏறுவார்கள். பத்து ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறை நீட்டினால் கண்டக்டர் பார்க்கிற பார்வை நமக்குத் தேவையில்லை. அப்புறம், எங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு: தேய்பிறை அஷ்டமி அன்று காரும் எடுக்காதீர்கள், பஸ்ஸும் ஏறாதீர்கள். காலபைரவருக்குப் பூசணிக்காய் விளக்குப் போட வருகிற கூட்டத்தில் ரோடே தெரியாது. அன்றைக்கு எங்கள் வீட்டில் இருப்பதை வைத்து ரசம்.