பிரெட்டன் மொழியை விழுங்கியது ஆங்கிலமா? ஐரோப்பாவின் சிறிய மொழிகள் பற்றிக் கேள்வி பதில்

ஐரோப்பாவின் சிறுபான்மை மொழிகள் பற்றியும் அங்கே ஆங்கிலம் பரவுவது பற்றியும் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கல்லூரி மாணவி ஒருவர்: சார், எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறுவதால்தானே ஐரோப்பாவில் சின்ன மொழிகள் அழிகின்றன?

பிரிட்டனையும் அயர்லாந்தையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இல்லை. பிரான்சின் வடமேற்கு மூலையில் இருக்கும் பிரெட்டனியை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெட்டன் பேசியவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். இன்று ஒரு லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள், அதிலும் பெரும்பாலோர் வயதானவர்கள். மற்றவர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போகவில்லை, பிரெஞ்சுக்குப் போனார்கள். கிழக்கு ஜெர்மனியில் சோர்பியனின் இடத்தைப் பிடித்தது ஜெர்மன், சார்டீனியத் தீவில் இத்தாலியன். பக்கத்து வீட்டுப் பெரிய மொழிதான் எப்போதும் முதல் ஆபத்து.

பள்ளியில் இது எப்படி நடந்தது தெரியுமா? வகுப்பில் பிரெட்டன் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு பழைய மரச்செருப்பையோ கட்டையையோ மாட்டிவிடுவார்கள். அதைக் கழற்ற வேண்டுமானால் பிரெட்டன் பேசும் இன்னொரு பிள்ளையை அவனே கண்டுபிடித்துக் காட்டிக்கொடுக்க வேண்டும். சாயங்காலம் மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. ஆசிரியர் காது கொடுத்துக் கேட்கவே வேண்டாம், பிள்ளைகளே ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொள்வார்கள். வேல்ஸிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே ஏற்பாடு இருந்தது. அங்கே மட்டும் திணித்த மொழி ஆங்கிலம். இப்படி வளர்ந்தவர்கள் பெற்றோரானதும் பிள்ளைகளிடம் என்ன மொழி பேசியிருப்பார்கள்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரெட்டனி வீடுகளில் மொழி கைமாறுவது சட்டென்று நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழாசிரியர் ஒருவர்: பிரான்ஸ் ஆங்கிலத்தைக் கடுமையாக எதிர்க்கும் நாடு. அப்படியானால் தன் சொந்தச் சின்ன மொழிகளுக்கு ஆதரவாக இருக்குமே ஐயா?

இருக்க வேண்டும்தான். நடந்தது தலைகீழ். 1992-ல் 'குடியரசின் மொழி பிரெஞ்சு' என்ற வரியை அரசியலமைப்பில் சேர்த்தார்கள். இது ஆங்கிலத்துக்கு எதிரான அரண், வட்டார மொழிகளுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் அப்போது சொன்னார்கள். ஆனால் எய்தது ஆங்கிலத்தை நோக்கி, பட்டது பிரெட்டன்மீது. அதே ஆண்டு ஐரோப்பிய கவுன்சில் (ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, தனி அமைப்பு) சிறுபான்மை மொழிகளுக்கென ஒரு சாசனம் கொண்டுவந்தது. பிரான்ஸ் 1999-ல் கையெழுத்துப் போட்டது. உடனே அரசியலமைப்பு மன்றம், இது அரசியலமைப்புக்கு முரண் என்றது. இன்றுவரை பிரான்ஸ் அந்தச் சாசனத்துக்கு ஒப்புதல் தரவில்லை.

2008-ல் 'வட்டார மொழிகள் பிரான்சின் பாரம்பரியச் சொத்து' என்று இன்னொரு வரி வந்தது. சொத்து என்று எழுதிவைத்தார்களே தவிர, 2021-ல் நாடாளுமன்றம் அந்த மொழிகளிலேயே பாடம் நடத்த வழிசெய்து சட்டம் போட்டபோது அந்தப் பகுதியை அரசியலமைப்பு மன்றம் ரத்து செய்துவிட்டது. பிரெட்டனியில் 1977 முதல் நடக்கும் திவான் பள்ளிகள் அந்த முறையில்தான் இயங்குகின்றன. ஆங்கிலத்தை எதிர்ப்பதும் சின்ன மொழியை ஆதரிப்பதும் வேறு வேறு சங்கதி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நம்மிடமும் உண்டு.

லண்டனில் இருக்கும் ஒருவர்: அண்ணா, வேல்ஸ் போனால் பெயர்ப்பலகை எல்லாம் இரண்டு மொழியில். நிஜமாகவே வெல்ஷ் பேசுகிறார்களா, பலகையோடு சரியா?

பேசுகிறார்கள். 2021 கணக்கெடுப்பில் 5,38,000 பேர், அதாவது 17.8 சதவீதம். வடமேற்கில் குவினெத் பக்கம் போனால் பாதிப் பேருக்கு மேல் வெல்ஷ் பேசுபவர்கள், கடையில் சில்லறை வாங்குவதே வெல்ஷில்தான். ஆனால் 2011-ல் எண்ணிக்கை 5,62,000. பத்து லட்சத்தை 2050-க்குள் எட்டுவோம் என்று அரசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறைந்திருக்கிறது.

கிடைத்ததெல்லாம் போராடிக் கிடைத்தது. வெல்ஷ் தொலைக்காட்சி தருகிறோம் என்ற வாக்கிலிருந்து பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் அரசு பின்வாங்கியதும், வேல்ஸின் பிளைட் கம்ரி கட்சித் தலைவர் குவின்வோர் எவன்ஸ் 1980-ல் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. 1982-ல் ஒளிபரப்பு தொடங்கியது.

இப்போதைய தலைவலி வேறு. வெல்ஷ் பேசும் கடலோர ஊர்களில் வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென்று வீடு வாங்கிப்போட, விலை ஏறி உள்ளூர் இளைஞர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள். இப்படி வாங்கிய வீடுகளுக்கு 300 சதவீதம் வரை கூடுதல் வரி போட 2023 முதல் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. மொழிப் பிரச்சினை என்று ஆரம்பித்தால் வீட்டு விலையில் வந்து நிற்கிறது.

அயர்லாந்தில் சொந்த அரசே இருக்கிறதே?

இருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் 18 லட்சத்துக்கு மேல். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் சுமார் 72,000. மதிப்பெண்ணுக்குப் படிக்கும் மொழியாகப் போய்விட்டது.

பிரிட்டன் வெளியேறிய பிறகும் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆங்கிலம் ஏன்?

அங்கே ஆட்சிமொழிகள் 24. பட்டியலை மாற்ற எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். அயர்லாந்தும் மால்டாவும் நடைமுறையில் ஆங்கிலத்தை நம்பியிருக்கும்போது யார் எடுப்பார்கள்? இதே விதிதான் ஸ்பெயினின் கட்டலான் மொழியை வெளியே நிறுத்தியிருக்கிறது. மால்டாவின் மொத்த மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு பேர் கட்டலான் பேசுகிறார்கள். 2023-ல் ஸ்பெயின் கேட்டுப் பார்த்தது, சில நாடுகள் சம்மதிக்கவில்லை.

அப்போ ஆங்கிலத்தால் கெடுதலே இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. 2024-ல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் ஒன்றியத்தின் இளைஞர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஆங்கிலம் பேச வரும் என்றார்கள். நேரடி அடி விழுவது டச்சு, ஸ்வீடிஷ் போன்ற மொழிகளுக்கு. பல்கலைக்கழகப் பாடங்கள் ஆங்கிலத்துக்குப் போகின்றன. ஸ்வீடன் 2009-ல்தான் ஸ்வீடிஷே முதன்மை மொழி என்று சட்டம் போட்டது, அதுவரை தேவைப்படவில்லை.

சின்ன மொழிக்கு அடி சுற்றி வருகிறது. வேலைக்கு நாட்டு மொழி, உலகத்துக்கு ஆங்கிலம், அப்புறம் மூன்றாவது எதற்கு என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். நெதர்லாந்தின் பிரீஸ்லாந்து இதற்கு ஒரு வழி கண்டது. உள்ளூர் மொழியான பிரிசியன், டச்சு, ஆங்கிலம் மூன்றிலும் பாடம் நடத்தும் தொடக்கப் பள்ளிகளை 1997-ல் ஆரம்பித்தது. பிரிசியன் வேண்டுமென்றால் ஆங்கிலத்தை இழக்க வேண்டியதில்லை என்றதும் பெற்றோரின் பயம் குறைகிறது. எனக்கு இது சமர்த்தான யோசனையாகவே படுகிறது.

மீண்டு வந்த மொழி ஏதாவது உண்டா சார்?

பாஸ்க். ஸ்பெயின் சர்வாதிகாரி ஃப்ராங்கோ காலத்தில் வீடுகளில் ஒளித்து நடத்திய வகுப்புகளில் தொடங்கிய பள்ளி இயக்கம்தான் அதற்கு அடித்தளம். ஸ்பெயினின் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களில் மொழி தெரிந்தவர்கள் 1991-ல் 24 சதவீதம், 2021-ல் 36. தெருவில் பேசுவது அந்த வேகத்தில் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிறியதில் பின்லாந்தின் இனாரி சாமி மொழி. சில நூறு பேர்தான் பேசுகிறார்கள். 1997-ல் மழலையர் கூடம் ஆரம்பித்துக் குழந்தைகளிடம் அந்த மொழியில் மட்டுமே பேசினார்கள். தாத்தா பாட்டிக்கும் பேரனுக்கும் தெரியும், நடுவில் அப்பா அம்மாவுக்குத் தெரியாது என்ற நிலை வந்தது. அதனால் 2009-ல் ஆசிரியர், செய்தியாளர் போன்ற வேலைகளில் இருந்த நடுவயதினர் சுமார் 17 பேரை ஒரு வருடம் முழுநேரமாகப் படிக்கவைத்து, பாடத்தோடு முதியவர்களின் வீடுகளுக்கும் அனுப்பினார்கள். அவர்களுடன் சமைத்து, மீன் பிடித்து, பேசிப் பழகியதும் பாடத்திட்டத்தில் சேர்த்தி.