கோணல் கொம்பு ஆண்மான்: சுடுவதா, விடுவதா?

கேள்வி: மொரீஷியஸில் ஷமரேல் பக்கத்து ஷாஸே (மான் வேட்டை நிலம்) ஒன்றில் எங்கள் குழுவுக்குப் பங்கு உண்டு. மூன்று வருடமாக ஒரே ஆண்மான் மிராதோர் (வேட்டைப் பரண்) எதிரே வந்து மேய்கிறது. வலது கொம்பில் ஒழுங்காக மூன்று கிளை. இடது கொம்போ கிளையே இல்லாமல் காதோரம் தொங்கும் ஒற்றைக் குச்சி. "கெட்ட வித்து, ஜூனில் அடித்துவிடு" என்கிறார் மாமா. வயதானது போலவும் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கொம்பை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 1639-இல் டச்சுக்காரர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து இறக்கிய இந்த சேர்ஃப் (ஜாவா மான்), நம் முன்னோர் ஊரில் பார்த்த கடமானுக்குச் சொந்தக்காரன். ஆண்டுக்கொரு முறை கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்க்கும். அதனால் கோணல் எங்கிருந்து வந்தது என்பதை அதன் தொடர்ச்சியே சொல்லிவிடும். மயிர்த்தோல் மூடிய இளங்கொம்பு வேலியில் மோதி நசுங்கினால் அந்த ஆண்டு மட்டும் கோணும், அடுத்த ஆண்டு நேராகிவிடும். உங்களுடையது மூன்று ஆண்டும் ஒரே பக்கம் கோணியிருக்கிறது. மண்டையோட்டில் கொம்பு முளைக்கும் அடிக்கட்டை உடைந்திருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: பின்னங்கால் அடிபட்டால் பெரும்பாலும் எதிர்ப்பக்கக் கொம்புதான் கெடும். வலது பின்னங்காலைத் தாங்கி நடக்கிறதா என்று தூரநோக்கியில் பாருங்கள்.

இரண்டுமே காயம்தான். காயம் குட்டிகளுக்குப் போகாது. "கெட்ட வித்து" என்று மாமா சொல்வது இங்கே பொருந்தாது.

ஆனால் அந்த ஒற்றைக் குச்சியின் போக்கைப் பாருங்கள். உங்கள் மானுக்கு அது தொங்குவதால் பயமில்லை. நெற்றிக் கிளை இல்லாமல் ஈட்டிபோல நீண்டு முன்னோக்கி நிற்கும் கொம்பு என்றால், சண்டையில் எதிரியின் கொம்பில் கோத்து நிற்காமல் நேரே விலாவில் இறங்கும். அந்த மாதிரி ஆணை வயது பாராமல் எடுத்துவிடுவது மந்தைக்கு நல்லது.

அடுத்தது வயது. கிளையை எண்ணி வயது சொல்ல முடியாது. முழு வளர்ச்சி பெற்ற சேர்ஃபுக்குப் பக்கத்துக்குப் பொதுவாக மூன்று கிளைதான், வயது ஏறினாலும் எண்ணிக்கை ஏறாது. அடிக்கட்டையைப் பாருங்கள். ஒவ்வொரு உதிர்ப்பிலும் அதன் எலும்பு கொஞ்சம் குறைவதால் கிழ மானுக்குக் கட்டை குட்டையாகி, கொம்பு மண்டையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். முதுகு குழிந்து, வயிறு தொங்கி, தலையைத் தாழ்த்தி நடந்தால் கிழம்தான். ஆண்டுதோறும் எடுத்த படங்கள் இருந்தால் வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். நல்ல பக்கக் கொம்பும் சென்ற ஆண்டைவிடக் குட்டையாகியிருந்தால் மான் இறங்குமுகத்தில் இருக்கிறது.

இறங்குமுகம் என்று உறுதியானால் சுடுங்கள். இந்தத் தீவில் மானுக்குப் புலியோ சிறுத்தையோ இல்லை. தேய்ந்த பல்லோடு, இணைசேரும் காலச் சண்டையில் இளைத்துப்போய் அக்டோபர் வறட்சிக்குள் போகும் கிழ ஆண் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். சுடுவதானால் சீசன் திறந்ததும் ஜூனிலேயே, இணைசேரும் காலத்துக்கு முன். அப்போதுதான் உடம்பில் சதையும் இருக்கும், இறைச்சியில் வாடையும் ஏறாது. நடுவயது என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், கோணல் கொம்போடும் நல்ல குட்டிகளைக் கொடுக்கும்.

பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும், முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னே சுடுங்கள். பின்புறம் மண்மேடு தெரிய வேண்டும். ஜூன், ஜூலையில் சீனக் கொய்யா பறிக்க வருகிறவர்கள் புதருக்குள் இருப்பார்கள், முகட்டில் நிற்கும் மானைச் சுடவே கூடாது. விழாமல் ஓடினால் கால்மணி நேரம் பொறுத்து, பிறகு இரத்தத் தடத்தைத் தொடருங்கள்.

கேள்வி: சுட்ட பிறகு வயதை உறுதிப்படுத்துவது எப்படி?

பதில்: கீழ்த்தாடையைக் கழற்றிக் கழுவி வையுங்கள். கடைவாயில் முதல் பெரிய பல்தான் முதலில் முளைத்தது, அதனால் முதலில் தேய்வதும் அதுவே. அதன் மேல்பரப்பில் பிறை வடிவக் கருங்குழி மறைந்து வழவழப்பாகியிருந்தால் கிழ மான். தாடையில் ஆண்டை எழுதி வைத்தால் அடுத்த சீசனில் ஒப்பிட உதவும்.

கேள்வி: ஜூலையிலும் கொம்பில் மயிர்த்தோல் உரியாத ஆண் ஒன்று நிற்கிறதே?

பதில்: விதைப்பையில் காயமோ நோயோ இருக்கலாம். ஆண் சுரப்பு குறைந்தால் கொம்பு கெட்டியாகாது, உதிரவும் செய்யாது, கட்டிகட்டியாகப் பெருகும். ஈ மொய்த்துப் புழு வைக்கும். மந்தைக்கு அதனால் பயனில்லை, எடுத்துவிடலாம்.

கேள்வி: கிழ மான் இறைச்சி ரப்பர்போல் இருக்கிறது. வழி உண்டா?

பதில்: தோலின் அடிவயிற்று மயிரில் சிறுநீர் வாடை இருக்கும். அதைத் தொட்ட கையால் இறைச்சியைத் தொடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் குடலை எடுத்து, குளிரறையில் 0 முதல் 4 டிகிரியில் 5 முதல் 7 நாள் தொங்கவிடுங்கள். குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயத் துகள் தூரம் போயிருக்கும். கொழுப்பை முழுக்க நீக்குங்கள், ஆறினால் மெழுகாகி வாயில் ஒட்டும். கறியைச் சிறு தீயில் மூன்று மணி நேரம் விடுங்கள். அடிக்கட்டையில் சீழ் இருந்தாலோ, நிணமுடிச்சில் தயிர்க்கட்டிபோல் எதுவும் தெரிந்தாலோ கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை சமைக்க வேண்டாம். செப்டம்பர் கடைசியில் சுட்டால் புரட்டாசி விரதம் வந்துவிடும், உறைபெட்டியில் இடம் முன்பே ஒதுக்கி வையுங்கள்.