திரை வரவில்லை என்றால் மதர்போர்டுதான் போய்விட்டதா?

கேள்வி: ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, 8 ஜி.பி. ராம் இரண்டு, ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) ஆகியவற்றைச் சென்ற ஆண்டு சென்னை ரிச்சி தெருவில் வெவ்வேறு கடைகளில் வாங்கி, நானே கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தேன். சில வாரங்களாக, வீடியோ ரெண்டர் ஆகும்போது சட்டென்று அணைந்து தானாகவே மீண்டும் துவங்கிக்கொண்டிருந்தது. இப்போது காற்றாடிகள் எல்லாம் சுற்றுகின்றன. திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளூர் சர்வீஸ் கடையில் மதர்போர்டு போய்விட்டது, புதிது 11,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மதர்போர்டு விற்ற கடைக்காரரோ, எஸ்.எம்.பி.எஸ். கோளாறாக இருக்கும், அதை விற்றவரிடம் கேளுங்கள் என்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஒரு நிறுவனமே முழுதாகத் தயாரித்து விற்ற கம்ப்யூட்டர் என்றால் எது பழுதானாலும் ஒரே நிறுவனம் பொறுப்பேற்கும். நாமே அசெம்பிள் செய்ததில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி பில், தனி நிறுவனம், தனி உத்தரவாதம். அதனால்தான் ஒவ்வொரு கடைக்காரரும் அடுத்தவர் விற்ற பாகத்தைக் கைகாட்டுகிறார். பழுது எந்தப் பாகத்தில் என்பதை நீங்கள் உறுதி செய்துகொண்டு போனால்தான் உங்கள் பேச்சு எடுபடும். தவிர, பி550 மதர்போர்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. ஆகவே மதர்போர்டே பழுது என்றாலும் 11,000 ரூபாய் செலவழிக்கும் முன் அதன் சர்வீஸ் சென்டரைத்தான் நாட வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது, சுமை ஏறும்போது நீலத்திரை (விண்டோஸ் பிழையை அறிவிக்கும் திரை) கூடக் காட்டாமல் அணைந்தது என்பதுதான். ராம் கெட்டால் பொதுவாக நீலத்திரை வரும், புரோகிராம்கள் பாதியில் மூடிக்கொள்ளும். ஒரு நொடியில் மொத்தமும் அணைவது மின்சாரம் போதாமையையோ கடும் சூட்டையோ காட்டும் அடையாளம். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். தரமான 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒருவேளை தாக்குப்பிடிக்கும், ஆனால் கார்டு கணநேரம் இழுக்கும் அதிக மின்சாரத்தைத் தரம் குறைந்த ஒன்றால் தர முடியாது. எனவே என் முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மீதுதான்.

காற்றாடி சுற்றுவதைப் பார்த்து அதை நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். காற்றாடிக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டுமே. 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் சீராக வந்த பிறகுதான் எஸ்.எம்.பி.எஸ். ஒரு தனிக் கம்பி வழியாக மதர்போர்டுக்குச் சம்மதம் சொல்லும். அது வராதவரை பிராசசர் வேலையைத் துவங்காது. ஆகையால் நண்பரிடம் 550 வாட்டுக்குக் குறையாத எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை ஒருநாள் இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள வகையாக இருந்தால் அதன் சொந்தக் கேபிள்களையே பயன்படுத்த வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பக்கத்துப் பின்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய கேபிளை அப்படியே விட்டால் நல்ல ஹார்டு டிஸ்க்கும் எரிந்துபோகும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

அதுவும் பயன் தராவிட்டால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மதர்போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் 8 பின் கேபிளையும் கிராபிக்ஸ் கார்டின் கேபிளையும் ஒருமுறை கழற்றி, 'க்ளிக்' என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டுங்கள். பல பி550 மதர்போர்டுகளின் ஓரத்தில் சி.பி.யு. (பிராசசர்), டிராம் (ராம்), வி.ஜி.ஏ. (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் உள்ள டிஸ்க்) என்று எழுதிய நான்கு சிறு விளக்குகள் இருக்கும். ஆன் செய்ததும் எது அணையாமல் நிலைத்து எரிகிறதோ அந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் துவங்கும்போது தானே செய்யும் சோதனை நின்றுவிட்டது என்று பொருள். டிராம் எரிந்தால், ஒரே ஒரு ராமை மட்டும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் போட்டு, பிறகு அதே ஸ்லாட்டில் மற்றொன்றையும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் திரை வந்து மற்றொன்றில் வராவிட்டால் வேறு விசாரணையே தேவையில்லை.

கிராபிக்ஸ் கார்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. துளையில் மானிட்டரை இணைத்துப் படம் வரவில்லை என்பதால் மதர்போர்டு போய்விட்டது என்பார்கள். உங்கள் 5600 பிராசசரில் கிராபிக்ஸ் வசதியே கிடையாது. எண்ணோடு 'ஜி' சேர்ந்த 5600ஜி-யில்தான் உண்டு. ஆகவே அந்தத் துளையில் ஒருபோதும் படம் வராது. சர்வீஸ் கடையில் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். வேறு கார்டு போட்டுப் பார்க்காமல் சொல்லியிருந்தால் அந்த முடிவை நம்ப வேண்டியதில்லை.

பிராசசரைக் கடைசியில்தான் தொட வேண்டும். இந்த வகையில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. அதன் மேலுள்ள கூலரை நேராக இழுத்தால், சூட்டைக் கடத்த இடையில் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு, பூட்டு மூடியிருக்கும்போதே பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பேஸ்ட் விட்ட பிறகே தூக்குங்கள். வளைந்த பின்னைக் கண்டால் சர்வீஸ் சென்டரில் பயனரால் ஏற்பட்ட சேதம் என்று உத்தரவாதத்தை மறுத்துவிடுவார்கள்.

பாகம் எதுவென்று தெரிந்த பின், அதன் சீரியல் எண் பில்லில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பிராசசரைப் பெட்டியோடு வாங்கியிருந்தால் ஏ.எம்.டி.யின் மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. பெட்டியில்லாமல் 'டிரே' என்று விற்றதை வாங்கியிருந்தால் விற்ற கடைக்காரர்தான் பொறுப்பு. பொருளை ஒப்படைக்கும்போது எழுத்துபூர்வமான ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் மறுப்பின் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்; அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கடை சென்னையில் இருப்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும்.

கோளாறு எஸ்.எம்.பி.எஸ்.தான் என்று உறுதியானால், உத்தரவாதத்தில் பெரும்பாலும் அதே 450 வாட்டையே மாற்றித் தருவார்கள். அதைக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத வேறு கம்ப்யூட்டருக்கு வைத்துக்கொண்டு, இதற்கு நல்ல நிறுவனத்தின் 550 அல்லது 650 வாட் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். இந்த ஒரு செலவை மட்டும் செய்யச் சொல்வேன்.