பிடிக்கும், வரைந்தேன், ஸ்கோப் இருக்காம்

பிளஸ் டூவில் பயோ-மேக்ஸ், வீடு நாமக்கல் பக்கம், ஆசை மூன்று: மாட்டு டாக்டர், படம் வரைவது, கம்ப்யூட்டர். எதை எடுப்பது என்று தெரியாமல் ராத்திரி தூக்கம் வரவில்லை என்கிறாய். நீ எழுதியதை ரெண்டு தடவை படித்தேன் கண்ணு. முதல் தடவை விஷயத்துக்காக, ரெண்டாவது தடவை வினைச்சொல்லுக்காக. (என் அப்பா தமிழ் வாத்தியார், இந்தப் பழக்கம் போகவே இல்லை.)

விலங்குகளைப் பற்றிச் சொல்லும்போது ஐந்து இடத்தில் "பிடிக்கும்" என்று எழுதியிருக்கிறாய், ஆனால் ஒரு மாட்டுக்கோ ஆட்டுக்கோ நீ என்ன செய்தாய் என்று ஒரு வரிகூட இல்லை. வரைவதைப் பற்றி வந்தால் எல்லாமே செய்து முடித்த வேலை. ஆண்டு விழா மேடைக்குத் திரை வரைந்தேன், பக்கத்து வீட்டு அக்காவின் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதினேன், எழுத்து கோணலாக வந்ததால் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கம்ப்யூட்டருக்கு வந்தால் "ஸ்கோப் இருக்காம்", "நல்ல சம்பளமாம்". அந்த 'ஆம்' உன்னுடையது இல்லை, யாரோ சொன்னது.

அதனால் நீ ஓவியர்தான் என்று நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. செய்து பார்த்த ஒன்றையும் கேள்விப்பட்ட ரெண்டையும் ஒரே தராசில் நிறுத்திக்கொண்டு முள் ஏன் ஆடிக்கொண்டே இருக்கிறது என்று கேட்கிறாய், அவ்வளவுதான். ஆடத்தான் செய்யும்.

இன்னொன்றையும் பார். இந்த மூன்றுக்கும் கதவு ஒரே மாதிரி இல்லை. கால்நடை மருத்துவத்துக்கு ஒரே வாசல்தான். பி.வி.எஸ்சி. படித்து, கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தால்தான் மருத்துவம் பார்க்கலாம், சட்டமே அப்படி. ஒரு வருடப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு. தமிழ்நாட்டு இடங்களுக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மார்க்தான். உங்கள் ஊரிலேயே 1985 முதல் கல்லூரி இருக்கிறது, நீ தினமும் அந்த வழியாகத்தான் போய் வருகிறாயோ என்னவோ. கம்ப்யூட்டருக்கு வாசல் ஏகப்பட்டது. இன்ஜினியரிங், பி.சி.ஏ., பி.எஸ்சி., அப்புறம் எம்.சி.ஏ., அதுவும் போதாது என்றால் வேறு ஒரு டிகிரி படித்துக்கொண்டே சென்னை ஐ.ஐ.டி. ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் படிப்பு. இருபத்தைந்து வயதில் ஆசை வந்தால்கூட உள்ளே நுழைய ஒரு சந்து கிடைக்கும். வரைவதற்கு வாசலே தேவையில்லை, உன் வீட்டுத் திண்ணை போதும். ஆனால் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அந்தக் கதவுதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் மூடும், இதைத்தான் யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஐ.ஐ.டி.களில் பி.டெஸ்., அதாவது டிசைன் பட்டப்படிப்பு, படிக்க யூசீட் என்று ஒரு தேர்வு, ஜனவரியில் நடக்கும், விண்ணப்பம் அக்டோபர் வாக்கில் வந்துவிடும். எந்த குரூப் படித்தவரும் எழுதலாம், ஆனால் அடுத்தடுத்த ரெண்டு வருடத்தில் ரெண்டு தடவைதான். அகமதாபாத்தில் 1961 முதல் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு (அதையும் என்.ஐ.டி. என்றுதான் சொல்வார்கள், திருச்சியில் இருக்கும் இன்ஜினியரிங் என்.ஐ.டி. வேறு, இந்தக் குழப்பத்தில் ஒரு அப்பா என்னிடம் அரை மணி நேரம் சண்டை போட்டார்). பொதுத்தேர்வு முடியட்டும், மார்க் வரட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்று மே மாதம் வருகிற பிள்ளைகளிடம் நான் வருடா வருடம் சொல்கிற ஒரே பதில், "அது ஜனவரியிலேயே முடிஞ்சு போச்சுப்பா". சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் பிளஸ் டூவுக்குப் பிறகும் சேர்த்துக்கொள்ளும், அது வேறு வகைப் படிப்பு, நாலு வருடம், அதையும் பார்த்து வை.

கதவு மூடப் போகிறது என்பதற்காகவே உள்ளே ஓடிவிடாதே. கடை சாத்துகிற நேரத்தில் வேண்டாததை எல்லாம் வாங்கி வருகிற கதையாகிவிடும். நாய்க்குட்டி பிடிக்கும் என்று கால்நடை மருத்துவம் சேர்ந்து, மாட்டுக்குச் சினை பார்க்கத் தோள் வரை கையை உள்ளே விட வேண்டும் என்று தெரிந்த அன்றைக்கு முகம் வெளுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கம் என்றால் வேலையில் பெரும்பகுதி கோழிப் பண்ணையில். செத்த கோழியை அறுத்து ஏன் செத்தது என்று பார்ப்பதும், தீவனக் கணக்குப் போடுவதும். அது உனக்குச் சுவாரசியமாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, உனக்கும் இன்னும் தெரியாது.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. சார், "வரைஞ்சா சோறு போடாது" என்று நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறாள். முதல் சில வருடங்களுக்கு உங்கள் பயம் நியாயமானதுதான், தனியாகப் படம் வரைந்து பிழைக்கிறவர்களுக்கு வருமானம் ஒரு மாதம் போல் இன்னொரு மாதம் இருக்காது. பெரிய டிசைன் கல்லூரிகளில் கட்டணமும் லட்சக்கணக்கில் வரும், அரசு கால்நடைக் கல்லூரியோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் உங்கள் ஊர்க் கோழித் தீவனப் பையில் இருக்கும் படத்தையும், நீங்கள் பணம் அனுப்புகிற செயலியில் பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் வரைந்திருக்கிறார். கம்ப்யூட்டரா வரைவதா என்று நீங்கள் வெட்டிப் பிரிக்கிற அளவுக்கு வேலை பிரிந்து கிடக்கவில்லை. யூசீட்டை ஒரு தடவை எழுத விடுங்கள், போவது விண்ணப்பக் கட்டணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.

மார்க் விஷயத்தில் உனக்கு இப்போது எந்த முடிவும் தேவையில்லை. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கால்நடைக்குக் கணக்கு இருந்த இடத்தில் உயிரியல், மீதி அதேதான். ரெண்டு பக்கமும் பொதுவாக இருப்பதை விடாமல் படி, ரெண்டுக்கும் விண்ணப்பம் போடு.

சரி, காலாண்டு லீவு வருகிறது. பக்கத்தில் இருக்கும் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போய் டாக்டரிடம் கேட்டு நாலு நாள் காலையில் நில், நோட்டும் பென்சிலும் கையோடு இருக்கட்டும். மீதி நாளில் பைதான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு, அந்த அக்காவின் கடைக்குக் கணக்குப் போடுகிற மாதிரி ஏதாவது செய்து பார், ஓடாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் எனக்கு எழுது. "பிடிச்சிருந்துச்சு" என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். எத்தனை மாடு வந்தது, ஊசி போடும்போது நீ எதைப் பிடித்துக்கொண்டாய், எந்த நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது, அதை எழுது.