நேற்று இல்லாதவருக்கு நாளை உண்டா?

கேள்வி: நினைவு என்பது நடந்து முடிந்ததைப் பற்றியது, திட்டம் என்பது இனி நடக்கவேண்டியதைப் பற்றியது. நினைவு பழுதானால் எதிர்காலத்தை எண்ணிப் பார்க்கும் திறனும் குறையும் என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நெருங்கிய சம்பந்தம் உண்டு. கனடா நாட்டு உளவியல் அறிஞர் எண்டெல் டல்விங் ஆராய்ந்த ஒருவரை ஆய்வுலகம் 'கே.சி.' என்ற முதலெழுத்துகளால் குறிப்பிடும். 1981-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை அடிபட்ட பிறகு, தம் வாழ்வில் நடந்த எந்த நிகழ்ச்சியையும் அவரால் மனக்கண்முன் கொண்டுவர இயலவில்லை. அதற்காக அறிவு மழுங்கிவிடவில்லை. சதுரங்கம் ஆடினார், பொது அறிவுச் செய்திகளைச் சொன்னார், எதிர்காலம் என்றால் என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் 'நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?' என்று கேட்டபோது அவர் மனத்தில் எதுவும் எழவில்லை. நேற்றைப் பற்றிக் கேட்டாலும் அதே வெறுமைதான். ஒன்றுமே இல்லாத அறையில் போய் நாற்காலியைத் தேடச் சொல்வது போலிருக்கிறது என்று அவரே விளக்கினார்.

2007-இல் டெமிஸ் ஹசாபிஸ், எலினார் மக்வாயர் ஆகியோரின் குழு லண்டனில் இதை இன்னும் நுணுக்கமாகச் சோதித்தது. (2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே ஹசாபிஸ்தான்.) நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி சேதமடைந்த 5 பேரிடம், வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து, காண்பதைச் சொல்லும்படி கேட்டார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்களின் கற்பனை துண்டு துண்டாகவே இருந்தது. உண்மையில் தமக்குத் தெரிவது வானத்தின் நீலமும் மணலின் வெண்மையும் மட்டுமே என்றார் அவர்களுள் ஒருவர்.

நினைவு கூர்வது என்பது பதிவு செய்த படத்தை மீண்டும் ஓட்டிப் பார்ப்பதன்று. இடம், முகம், ஒலி, உணர்ச்சி என்று தனித்தனியே கிடப்பவற்றை ஒவ்வொரு முறையும் மூளை புதிதாகக் கோத்தெடுக்கிறது. அதே துணுக்குகளை வேறு வரிசையில் கோத்தால் நாளைய காட்சி. இப்படிக் கலைத்துக் கோக்க முடிவதற்குக் கொடுக்கும் விலைதான் நம் நினைவுப் பிழைகள் என்று உளவியல் அறிஞர் டேனியல் ஷாக்டர் போன்றோர் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் ஒன்று: எதிர்காலச் சிந்தனை முழுவதுமே நினைவைச் சார்ந்ததன்று. இன்று கிடைக்கும் சிறு தொகையா, காத்திருந்தால் கிடைக்கும் பெருந்தொகையா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, கே.சி.யும் வருங்காலத்தை மதிப்பிட்டே முடிவெடுத்தார். அவருக்கு இல்லாமற் போனது நாளைக்குள் தம்மை வைத்துப் பார்க்கும் திறன்.

கேள்வி: எனக்கு நினைவாற்றல் நன்றாகவே இருக்கிறது. இருந்தும் நான் போடும் திட்டம் எதுவும் குறித்த நாளில் முடிவதில்லையே, ஏன்?

பதில்: நினைவு இருக்கிறது, திட்டமிடும்போது அதை நீங்கள் கலந்தாலோசிப்பதில்லை. 1994-இல் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் கணித்தது சராசரியாக 34 நாள். முடித்தவர்கள் எடுத்துக்கொண்டது 55 நாளுக்கு மேல். முன்பு தாமதமானதை அவர்கள் மறந்திருக்கவில்லை. அந்தத் தாமதம் ஒவ்வொன்றையும் 'அது அந்த நேரத்து நிலைமை' என்று ஒதுக்கிவைத்துவிட்டு, எல்லாம் தடையின்றி நடக்கும் ஒரு கதையை மனத்தில் ஓட்டிப் பார்த்தார்கள்.

பழையதை நினைத்துப் பார்த்தால் மட்டும் போதவில்லை என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. முன்பு எப்போது முடித்தோம் என்பதை நினைவுகூர்ந்து, அதே போக்கில் இந்த வேலையும் எப்படி நடக்கக்கூடும் என்று எழுதிக் காட்டியவர்களின் கணிப்பில்தான் அந்த மிதமிஞ்சிய நம்பிக்கை மறைந்தது. ஆகவே திட்டம் போடும் தாளின் மேலேயே, இதே போன்ற சென்ற வேலைக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள். ஏன் தாமதமாயிற்று என்ற காரணத்தை மட்டும் எழுதாதீர்கள். இந்த முறை அப்படி நடக்காது என்று நினைக்க வைப்பது அதுதான்.