நீங்கள் கேட்டது வயலைப் பற்றி, எனக்குக் கவலை வீட்டைப் பற்றி

கேள்வி: எனக்கு வயது 67, சிங்கப்பூர்க் குடிமகன். முதல் மனைவி 2012இல் தவறிவிட்டார். இரண்டு மகன்களும் குடும்பஸ்தர்கள். 2018இல் ஒரு தாய்லாந்துப் பெண்ணை மணந்தேன். அவருக்கு இப்போது 51, குழந்தைகள் இல்லை. உடோன் தானிப் பக்கம் அவருடைய கிராமத்தில், மாமியாரின் மனையில் 2019இல் 18 லட்சம் பாட் செலவில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். திருமண அடிப்படையில் ஆண்டுதோறும் விசா நீட்டிக்கிறேன். அதற்காக 4 லட்சம் பாட் அங்குள்ள வங்கியில் கிடக்கிறது. சிபிஎஃப் லைஃப் ஓய்வுத்தொகை மாதம் 1,600 சிங்கப்பூர் வெள்ளி, வாடகைக்கு விட்ட மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் 2,500 வெள்ளி. சிங்கப்பூரில் சேமிப்பு 2,10,000 வெள்ளி.

மனைவியின் மாமா தன் 10 ராய் வயலை 15 லட்சம் பாட்டுக்குத் தருகிறேன் என்கிறார். மனைவி பெயரில் வாங்கலாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். போன வருடம் அதில் விளைந்த நெல் 42,000 பாட்டுக்குப் போனதாம். மைத்துனர் பிக்கப் வண்டிக் கடனுக்கு என் மனைவியை ஜாமீன் போடச் சொல்கிறார். மாமியாருக்கு 74, படுத்துவிட்டால் செலவு என் தலையில்தான். மாதம் 80,000 பாட் வரவழைக்கிறேன். கடைசி வாரம் கையைப் பிசைகிறேன். தெருப் பிள்ளைகள் ‘லுங் கெக்’, அதாவது இந்திய மாமா, என்று பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் நான் இந்த வீட்டு மருமகனா, ஊர் உண்டியலா என்று சில நாள் தோன்றுகிறது.

பதில்: ஐயா, வயலுக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ‘மாமியாரின் மனையில்’ என்று. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

இசான், அதாவது வடகிழக்குத் தாய்லாந்து, வழக்கப்படி கடைசி மகள் பெற்றோருடன் தங்கிக் கடைசிவரை பார்த்துக்கொள்வாள், வீடும் அவளுக்கே போகும். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் சட்டம் வழக்கத்தைக் கேட்காது. மாமியார் உயில் எழுதாமல் கண்மூடினால் மனை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. அந்தப் பிக்கப் மைத்துனருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. இன்று அவர் நல்லவராகவே இருக்கலாம். கடன்காரன் வாசலில் நிற்கிற அன்றும் அப்படியே இருப்பார் என்று எழுதித் தர என்னால் முடியாது.

ஆகவே முதல் வேலை, மாமியார் நடமாட்டமாக இருக்கும்போதே நில அலுவலகத்துக்கு ஒரு நடை. தாய்லாந்தில் ‘சித்தி கெப் கின்’ என்று ஓர் உரிமை உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘சேகரித்து உண்ணும் உரிமை’. நம் பழைய பத்திரங்களில் ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்’ என்று எழுதுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். நிலம் வேறொருவர் பெயரில் இருந்தாலும் உங்கள் ஆயுள் முழுக்க நீங்கள் அதில் குடியிருக்கலாம், யாரும் வெளியேற்ற முடியாது. வெளிநாட்டவருக்கும் இதைப் பதிவு செய்து தருவார்கள்.

இதில் வரிசை முக்கியம். முதலில் மாமியார் உங்களுக்கு இந்த உரிமையைப் பதிந்து தரட்டும். அதற்குப் பிறகு மனையை உங்கள் மனைவி பெயருக்கு மாற்றித் தரட்டும். பெற்றோர் பிள்ளைக்கு மாற்றினால் பதிவுக் கட்டணம் அரசு மதிப்பில் அரை விழுக்காடுதான், முத்திரை வரி தனி. மனை கைமாறினாலும் உங்கள் உரிமை அதோடு கூடவே போகும். இதைத் தலைகீழாகச் செய்து, மனை மனைவி பெயருக்கு வந்தபின் மனைவியிடமிருந்து உரிமை வாங்கினால், அது கணவன் மனைவிக்குள் போட்ட ஒப்பந்தம். தாய்லாந்து சிவில் சட்டத்தின் 1469ஆம் பிரிவுப்படி அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை இருவரில் யார் வேண்டுமானாலும் மணவாழ்வின்போதோ, மணவாழ்வு முடிந்து ஓராண்டுக்குள்ளோ ரத்து செய்துவிடலாம். சில நில அலுவலகங்கள் பதியவே மறுக்கின்றன. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். குடும்பத்தின் வழக்கறிஞர் வேண்டாம், உங்கள் வழக்கறிஞராக இருக்கட்டும்.

சரி, வயல்.

10 ராய் என்றால் ஏறத்தாழ 4 ஏக்கர். 15 லட்சம் போட்டு வருடம் 42,000 என்றால் மூன்று விழுக்காடுகூட இல்லை. அதிலும் உழவு, உரம், அறுவடை இயந்திர வாடகை கழிக்க வேண்டும். மழையை நம்பிய ஒரு போக பூமி. முதலீடு என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்.

உங்கள் பெயரில் வாங்கவும் முடியாது. மனைவி வாங்கலாம், ஆனால் பதிவன்று உங்களையும் உட்கார வைத்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இந்த நிலத்துக்குக் கொடுத்த பணம் முழுக்க மனைவியின் சொந்தப் பணம் என்று அதில் இருக்கும். ‘சின் சுவன் துவா’ என்பார்கள், தனிச் சொத்து. பேனாவை எடுத்த நொடியில் அந்த 15 லட்சத்தின் மேல் உங்களுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை. மனைவி உங்களுக்கு முன் போய்விட்டால் வாரிசாக ஒரு பங்கு வரும்தான். ஆனால் வெளிநாட்டவர் என்பதால் அதை வைத்துக்கொள்ள முடியாது, 180 நாளுக்குக் குறையாமல் ஓராண்டுக்கு மிகாமல் ஒரு கெடு கொடுத்து விற்கச் சொல்வார்கள். அந்த ஊரில், மாமாவின் பழைய வயலை, அவசரத்தில் விற்கும் ‘கெக்’குக்கு யார் நல்ல விலை தரப்போகிறார்கள்? (அந்தச் சொல்லுக்கு அங்கே விருந்தாளி என்றும் பொருள், நம்மைப் போன்றவர்கள் என்றும் பொருள். பாங்காக் சீலோமில் இருக்கும் நம் மாரியம்மன் கோயிலுக்கே ‘வாட் கெக்’ என்றுதான் பெயர்.)

இவ்வளவும் தெரிந்த பிறகும், எனக்கு அப்புறம் அவளுக்கு என்று ஒரு பிடி மண் இருக்கட்டும் என்று நினைத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அது நல்ல மனசு. ஆனால் அதற்கு 5 லட்சம் போதும், மூன்று ராய்க்கு மேல் கிடைக்கும். சீர் கொடுத்ததாகக் கணக்கில் எழுதிவிட்டு மறந்துவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். தலைப்பில் கருடன் முத்திரை இருக்கும். சிவப்புக் கருடன் என்றால் ‘சனோட்’, அளந்து கல் நட்ட முழு உரிமைப் பட்டா. பச்சையும் கறுப்பும் அதற்கு அடுத்த படிகள். நீலக் கருடன் என்றால் ‘ஸோ போ கோ’, அரசு விவசாயிக்கு உழக் கொடுத்த நிலம். பிள்ளைகளுக்குப் போகலாமே தவிர விற்க முடியாது. 2024 முதல் இதை விவசாயப் பட்டாவாக மாற்றிக் கொடுத்து வருகிறார்கள் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல் தலைப்பையும் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் தாளைத் திருப்புங்கள். யார் யாருக்கு எப்போது கைமாறியது, அடமானம் இருக்கிறதா என்பதெல்லாம் பின்பக்கம் வரிசையாகப் பதிந்திருக்கும். மாமா இவ்வளவு அவசரப்படுவதற்கான காரணம் அங்கே இருக்கும் என்பது என் ஊகம். விவசாய வங்கி அடமானம் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, பாதி இசானும் அப்படித்தான். ஆனால் அடமானம் தீர்வதும் பெயர் மாறுவதும் ஒரே நாளில், ஒரே மேசையில் நடக்க வேண்டும். முன்பணம் என்று ஒரு பாட்கூடக் கொடுக்காதீர்கள்.

ஜாமீன் வேண்டாம். மனைவியும் போடக் கூடாது. மைத்துனர் தவணை கட்டாவிட்டால் அந்தப் பணம் உங்களிடமிருந்துதான் போகும். உதவ வேண்டும் என்றால் வண்டிக்கு முன்பணமாக ஒரு தொகையை அன்பளிப்பாகக் கொடுத்து அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகம் கோணும், கொஞ்ச நாளில் நிமிரும்.

மாமியார் விஷயத்தில் நீங்கள் தேவையில்லாமல் பயப்படுகிறீர்கள். தாய்லாந்துக் குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையில் ‘30 பாட்’ திட்டம் இருக்கிறது. பெரிய அறுவை சிகிச்சைவரை அதில் நடக்கும். முதியோர் தொகை அவருக்கு மாதம் 700 பாட், சிறிய காசு, ஆனால் அது அவருடைய சொந்தக் காசு. அந்த வீட்டில் எந்தக் காப்பும் இல்லாத ஒரே ஆள் நீங்கள்தான் ஐயா. சிங்கப்பூரின் மெடிஷீல்ட் லைஃப் மருத்துவக் காப்புறுதி வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. 67 வயதில் புதிதாகக் காப்புறுதி கேட்டால் பிரீமியமும் கடுக்கும், இருக்கிற நோய்களையும் ஒதுக்கிவிடுவார்கள். கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 15 லட்சம் பாட் உங்கள் ஆஸ்பத்திரிப் பணம், வேறு எதற்கும் தொடக் கூடாது. மூட்டு மாற்று, கண்புரை போல நாள் குறித்துச் செய்யக்கூடியவற்றுக்கு சிங்கப்பூர் வந்துவிடுங்கள். வீவக வீட்டை விற்றுவிடலாமே என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள்.

வெள்ளிக்கு 25 பாட் என்று வைத்தால் உங்கள் சேமிப்பு 52 லட்சத்துச் சொச்சம். ஆஸ்பத்திரிக்கு 15. விசாவுக்கு இன்னொரு 4, ஏனென்றால் மனைவிக்கு ஏதாவது ஆகிவிட்டால் திருமண விசாவின் அடிப்படையே போய்விடும். ஓய்வுபெற்றோர் விசாவுக்கு மாறத் தாய் வங்கியில் 8 லட்சம் காட்ட வேண்டும். மனைவியின் பெயரில் தனிக் கணக்கில் 3. இது சும்மா இல்லை, நீங்கள் போய்விட்டால் உங்கள் தாய் வங்கிக் கணக்கை நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமித்த பிறகுதான் திறக்க முடியும், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அவர் எதைச் சாப்பிடுவார்? மிச்சம் 30 லட்சம். உங்களோடு சிபிஎஃப் மாதத் தொகை நின்றுபோகும், அவருக்கு முன்னால் இன்னும் முப்பது வருடம் இருக்கலாம். அந்த 30இல் பாதியை மாமாவிடம் கொடுப்பது மனைவிக்குச் செய்யும் நல்லதா என்று அவரையே உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அங்கே ஒரே வங்கியில் 10 லட்சத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வைப்புப் பாதுகாப்பு அவ்வளவுக்குத்தான்.

பணம் அனுப்பும் விதத்தில் ஒரு திருத்தம். ஆண்டில் 180 நாள் அங்கே இருப்பவர் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானம் 2024 முதல் சம்பாதித்ததாக இருந்தால், எந்த ஆண்டில் கொண்டுவந்தாலும், தாய்லாந்தில் வரி உண்டு. 2024க்கு முன் ஈட்டியதற்கு இல்லை. ஆகவே 31 டிசம்பர் 2023 தேதியிட்ட வங்கி அறிக்கையை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பழைய சேமிப்பு ஒரு கணக்கிலும் புதிய வாடகைப் பணம் இன்னொரு கணக்கிலும் இருக்கட்டும், கலக்க வேண்டாம். நிலத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ பெரிய தொகை போனால் பழைய கணக்கிலிருந்து போகட்டும்.

இனி அந்தக் கடைசி வாரம். பணம் எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குக் கொஞ்சம் தெரியும். வாசலில் கொத்துக் கொத்தாக வெள்ளை உறைகள் வந்திருக்கும். சாவு, புதுமனை, துறவு பூணுதல், கல்யாணம், மழைக்காலத் தவம் முடிந்தால் துறவிகளுக்கு ஆடை தரும் கதின். கோயிலுக்கான ‘பா பா’ வசூலில் குச்சிகளில் நோட்டைச் செருகி மரம்போல நட்டிருப்பார்கள், ஒலிபெருக்கியில் பெயரோடு தொகை வாசிப்பார்கள். நம் மொய்தான். நம் மொய் நோட்டைப் போலவே அங்கும் எழுதி வைத்துத் திருப்பிச் செய்வார்கள். உங்கள் வீட்டில் ஒன்று நடக்கும்போது அது திரும்பி வரும். தப்பு எங்கே என்றால், உறையில் எவ்வளவு வைப்பது என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள், சிங்கப்பூர் கையோடு. அதை மனைவியிடம் விடுங்கள். மாதம் 12,000 பாட் ‘ஊர்ப் பணம்’ என்று முதல் தேதியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அம்மாவுக்கு, உறைக்கு, கோயிலுக்கு, அண்ணன் தம்பி அவசரத்துக்கு எல்லாம் அதற்குள். மிஞ்சினால் அவருக்கு. தீர்ந்தால் ‘இந்த மாதம் தீர்ந்தது’ என்று அவர் தன் மொழியில் சொல்லிக்கொள்வார். நீங்கள் சொன்னால் கருமித்தனம், அவர் சொன்னால் குடும்பக் கணக்கு. சீட்டுப் போடுகிறாரா என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள். அங்கே ‘லென் சே’ என்பார்கள். தலைவி ஓடிப்போன கதைகள் நம் ஊரைப் போலவே அங்கும் உண்டு.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. திருமண விசா வாங்குகிறீர்கள் என்றால் கையில் நூல் கட்டிய சடங்கோடு நிற்காமல் மாவட்ட அலுவலகத்தில் பதிவும் செய்திருக்கிறீர்கள். அந்தப் பதிவு நடந்த நாளிலேயே உங்கள் பழைய சிபிஎஃப் வாரிசு நியமனமும், முன்பு எழுதிய சிங்கப்பூர் உயிலும் செல்லாமல் போய்விட்டன. மகன்கள் பெயரில்தான் இருக்கிறது என்று நீங்களும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அவர்களும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இன்றைய நிலையில் பாதி மனைவிக்கு, பாதி மகன்களுக்கு. அதுதான் உங்கள் விருப்பம் என்றாலும் எழுதி வையுங்கள். வீவக வீட்டை வெளிநாட்டவரான மனைவி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், விற்ற பணத்தில் யாருக்கு எவ்வளவு என்று உயிலில் வரட்டும். தாய்லாந்துச் சொத்துக்குத் தாய் மொழியில் தனி உயில், நிர்வாகி யார் என்ற பெயரோடு. மகன்களிடம் நீங்களே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், காகிதத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

தாய்ப் புத்தாண்டான சொங்க்ரானுக்கு எல்லோரும் ஊருக்கு வருவார்கள், மாமா வயல் பேச்சை அப்போது மறுபடி எடுப்பார். அதற்கு முன் பத்திரத்தின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். தாய் எழுத்து எனக்கு வராது, எங்கள் அலுவலகத்தில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.