இரவில் ரக்கூன் (மரமேறும் ஒரு சிறிய அமெரிக்கக் காட்டு விலங்கு) எந்த மரத்தில் இருக்கிறது என்று வேட்டைக்காரருக்கு எப்படித் தெரிகிறது?

காதால்தான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்த வேட்டைக்குப் போகிறவர் நாயின் பின்னாலேயே ஓடுவதில்லை. அவிழ்த்துவிட்டு இருட்டில் நின்று கேட்பார். மோப்பம் பிடித்து ஓடும்போது நாய் இழுத்து இழுத்து ஊளையிடும். ரக்கூன் மரமேறியதும் குரல் மாறிவிடும்: அடிமரத்தில் முன்னங்கால்களை ஊன்றி, மேலே பார்த்தபடி, விடாமல் லொள் லொள்ளென்று குரைக்கும். ஆள் வரும்வரை நகராது. கூட்டத்தில் தன் நாயின் குரல் எது என்று அவரவருக்குத் தெரியும். இப்போது நாய் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கழுத்துப் பட்டையும் உண்டு. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்கத்தான் பலர் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் டார்ச். மேலே அடித்தால் ரக்கூனின் கண்கள் மின்னும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதே காரணம். அது இலைகளுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் சிரமம்தான்.

புளூடிக், ரெட்போன், வாக்கர் போன்ற நாய் இனங்கள் இதற்கென்றே வளர்க்கப்பட்டவை. பாசத்துக்கும் குறைவில்லை: அலபாமாவில் 1937இல் ட்ரூப் என்ற நாயைப் புதைத்த இடம், ரக்கூன் வேட்டை நாய்களுக்கு மட்டுமான கல்லறைத் தோட்டமாகவே ஆகிவிட்டது.

எல்லா இரவும் சுடுவார்கள் என்றில்லை. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் யுகேசி (யுனைடெட் கென்னல் கிளப்) அமைப்பின் இரவுப் போட்டிகளில் ரக்கூனைக் கொல்லக் கூடாது. புள்ளிகள் நாயின் திறமைக்கு மட்டுமே. காலி மரத்தைப் பார்த்துக் குரைத்தால் புள்ளி குறையும்.